பேச்சுக்கும் டைஸ் உருட்டலாமா? தருமபுரி டேபிளிலிருந்து ஒரு அனுபவம்

ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் கேம்களில் வாள்சண்டைக்குப் பக்கம் பக்கமாக விதி இருக்கும். காவல்காரனிடம் பேசிக் கதவைத் திறக்கவைக்க மட்டும் பல புத்தகங்களில் ஒரு பக்கம்கூடத் தேறாது. தருமபுரியில் நாங்கள் ஒரு சின்னக் கூட்டம் சில வருடங்களாக ஞாயிறு சாயங்காலம் கூடி விளையாடுகிறோம். பெரும்பாலும் நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துபவன். பல சிஸ்டங்களின் (விதித் தொகுப்புகளின்) பேச்சு விதிகளையும் போட்டு அடித்துப் பார்த்தாகிவிட்டது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேமின் 3.5 பதிப்பை முதலில் தள்ளிவிடுகிறேன். டிப்ளமசி (பேசி வசப்படுத்தும் திறமை) ரோலில், அதாவது டைஸ் எண்ணோடு திறமைப் புள்ளியைக் கூட்டி, 35 வந்தால், கொல்ல வந்தவன் நண்பனாகிவிடுவான். 50 வந்தால் நமக்காக ஆபத்திலும் இறங்குவான். எதிரில் நிற்பது ஆடு மேய்ப்பவரா அரசரா என்ற கேள்வியே இல்லை. லெவல் ஏறிய பார்ட் (பாணர் பாத்திரம்) ஒருவர் குழுவில் இருந்தால் கதை முடிந்தது.

அதே கேமின் ஐந்தாம் பதிப்பின் 2014 டிஎம் புத்தகத்தில் ஒரு நல்ல அட்டவணை இருக்கிறது. பலர் அதைப் படிப்பதே இல்லை. எதிராளி நட்பாக இருக்கிறாரா, கண்டுகொள்ளாமல் இருக்கிறாரா, பகையோடு இருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம்தான் ரோல். ரோலில் எட்ட வேண்டிய இலக்கு எண்கள் 0, 10, 20 மட்டுமே. பகையோடு இருப்பவரிடம் 20 போட்டாலும், தனக்கு ஆபத்தோ நஷ்டமோ இல்லாத காரியத்தைத்தான் செய்வார்.

இதைச் சோதிக்க எங்கள் ஊர்க் கதையையே எடுத்தோம். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதை. அதியமான்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. உன் ஆயுதங்கள் பீலியும் மாலையுமாக நெய் பூசி மாளிகையில் இருக்கின்றன, அதியமானுடையவை பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை சொல்வது புறநானூறு 95. ஔவையாக ஆடியவன் எங்களில் அதிகம் பேசாத தம்பி. “ஆயுதத்தைப் புகழ்ற மாதிரி குத்திக் காட்டுறேன். அண்ணா, இது பெர்சுவேஷனா, இன்டிமிடேஷனா?” என்று கேட்டான். இசையவைக்கும் திறமையா, மிரட்டும் திறமையா என்று மேசையில் ஆளுக்கொரு பதில்.

எந்தத் திறமை என்பதைவிட அட்டவணை கேட்கும் வேலைதான் முக்கியம். முதலில் பேச்சுக் கொடுத்து, இன்சைட் (எதிராளியின் மனதைப் படிக்கும் திறமை) ரோல் போட்டு, தொண்டைமானின் பலவீனம் என்ன என்று பிடிக்க வேண்டும். ஆயுதசாலையைக் காட்டிப் பெருமை பேசுவதுதான் அவனுக்கு நான் எழுதி வைத்திருந்த பலவீனம். அதைத் தொட்டுப் பேசினால், அந்த உரையாடல் முடியும்வரை பகை ஒரு படி இறங்கும். அதற்குப் பிறகு 20 வந்தால் சின்ன நஷ்டத்துக்கும் சம்மதிப்பான். தம்பி வசனம் பேசவே இல்லை. என்ன சொல்கிறேன், எதைக் குறிவைக்கிறேன் என்று மட்டும் சொன்னான். அது போதுமானதாக இருந்தது. கூச்ச சுபாவக்காரர்களுக்கு இந்த விதிகளால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. எங்களில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் இருக்கிறார். கேரக்டரின் கரிஸ்மா (ஆளைக் கவரும் திறன்) 8, சராசரிக்கும் கீழே. ஆனால் அவர் வாயைத் திறந்தால் டிஎம்மே பாலிசி எடுத்துவிடுவான். அவருக்காகவே ஒரு வழக்கம் வைத்தோம்: நல்ல வாதத்துக்கு அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது) உண்டு, ரோலிலிருந்து விலக்கு கிடையாது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 விதிப்புத்தகம் இதையெல்லாம் ‘இன்ஃப்ளூயன்ஸ்’ என்ற ஒரே ஆக்‌ஷனுக்குள் கொண்டுவந்தது. கேட்பதற்கு எதிராளி இசைகிறாரா, மறுக்கிறாரா, தயங்குகிறாரா என்று டிஎம் முடிவு செய்கிறார். தயங்கினால் மட்டுமே ரோல். நான் இப்போது ஓட்டுவது இதைத்தான். 20 விழுந்ததற்காக ராஜா கிரீடத்தைக் கழற்றித் தர வேண்டியதில்லை. தோற்றால் அதே வழியில் மறுபடி கேட்க வழக்கமாக 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால், “நானும் ஒன்னு போட்டுப் பாக்கறேன்” என்று வரிசை கட்டுவதும் குறைந்தது.

குறை என்றால் இலக்கு எண். 15 அல்லது எதிராளியின் இன்டெலிஜென்ஸ், எது பெரிதோ அது. சாதாரண ஆட்கள் பலருக்கும் 15-தான் வரும். இளகிய மனசுக் கடைக்காரருக்கும் கல்நெஞ்சுக் கணக்குப்பிள்ளைக்கும் எண் ஒன்றே. அதனால் எண்ணை நானே கூட்டிக் குறைத்துக்கொள்கிறேன்.

பர்னிங் வீல் என்ற இன்னொரு கேமின் ‘டூயல் ஆஃப் விட்ஸ்’ பட்டிமன்றம் மாதிரி. இருவரும் மூன்று மூன்று நகர்வுகளை ரகசியமாக எழுதி வைத்து மோத வேண்டும். ஜெயித்தவரும் இழந்த அளவுக்கு ஏதாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். பிரமாதம், ஆனால் ஒரு வாதத்திலேயே சாயங்காலம் போய்விடும். பெரிய சபைக் காட்சிகளுக்கு மட்டும் எடுக்கிறோம்.

ஒரு வீரர் இன்னொரு வீரரின் கேரக்டரை ரோல் போட்டுச் சம்மதிக்க வைப்பது எங்கள் டேபிளில் கிடையாது. 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற கேமில் இதற்கு நல்ல வழி இருக்கிறது: சொன்னதைச் செய்தால் எக்ஸ்பீரியன்ஸ் (கேரக்டர் வளர உதவும் புள்ளி) கிடைக்கும், செய்யாமலும் இருக்கலாம், ஆனால் அதற்கு ஒரு சங்கடம் உண்டு. முடிவு அவரவர் கையில். அதை அப்படியே எடுத்து, எக்ஸ்பீரியன்ஸுக்குப் பதில் இன்ஸ்பிரேஷன் (பிறகு ஒரு ரோலுக்குக் கைகொடுப்பது) கொடுக்கிறோம். ஏஜென்ட் அண்ணன் அதற்கும் தவணை கேட்கிறார்.