சொலிசிட்டரே பிழை விட்டால் யாரிடம் போவது? நாங்கள் போன பாரிஸ்டர் பற்றி

வீடு, கடை, விசா என்று லண்டனில் எதற்கும் நாங்கள் முதலில் ஓடுவது சொலிசிட்டரிடம். அவரே பிழை விட்டுவிட்டு, அந்தப் பிழைக்கும் சேர்த்துப் பில் அனுப்பினால்? டூட்டிங்கில் தையல் கடை நடத்தும் எனக்கும் அக்காவுக்கும் அதுதான் நடந்தது. சட்டத்தரணிகளின் கவனக்குறைவு, சட்டச் செலவுத் தகராறு இந்த இரண்டையுமே முழுநேர வேலையாகச் செய்யும் ஒரு பாரிஸ்டரிடம் (நீதிமன்றத்தில் வாதாடும், சட்டக் கருத்து எழுதும் சட்டத்தரணி) போனோம். சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதால் தொகையும் பெயர்களும் எழுத முடியாது. மற்றதை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

பிரச்சினை இதுதான். கடை லீஸ் முடிகிற நேரம் கட்டட உரிமையாளர் 1954ஆம் ஆண்டு உரிமையாளர்-வாடகையாளர் சட்டத்தின் 25ஆம் பிரிவில், பழைய லீஸை முடிக்கும் நோட்டீஸ் அனுப்பினார். புது லீஸ் தர மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, வாடகையைக் கூட்டத்தான் கேட்டார். அந்த நோட்டீஸில் உள்ள திகதிக்குள் புது லீஸ் கேட்டு நீதிமன்றத்தில் விண்ணப்பம் போட வேண்டும், அல்லது இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டு திகதியைத் தள்ளிவைக்க வேண்டும். எங்கள் சொலிசிட்டர் இரண்டையும் செய்யவில்லை. திகதி போனதும் புது லீஸ் கேட்கும் உரிமையும் போனது. பிறகு உரிமையாளர் சொன்ன வாடகைக்கு, அந்தச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லாத லீஸில் கையெழுத்துப் போட்டோம். கடையை விட்டால் வாடிக்கையாளர்களையும் விட வேண்டும், வேறு வழி இருக்கவில்லை.

பாரிஸ்டரிடம் சொலிசிட்டர் இல்லாமலே நேரடியாகப் போகலாம் என்பது எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது. 2004இலிருந்து அந்த வழி இருக்கிறது. முதல் சந்திப்பு வீடியோவில். நாங்கள் அனுப்பிய கடிதங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்திருந்தார், அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. அக்கா கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். ஆறுதலாகக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "விண்ணப்பம் நேரத்துக்குப் போயிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? அதை எதை வைத்துக் காட்டுவீர்கள்?"

பிழை நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாதாம். 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பெரி எதிர் ராலீஸ் வழக்கை வைத்து விளக்கினார். அங்கே ஒரு முன்னாள் சுரங்கத் தொழிலாளிக்கு, அவர் கேட்டிருக்கக்கூடிய ஒரு நட்ட ஈட்டுக் கோரிக்கை பற்றிச் சொலிசிட்டர்கள் சரியான ஆலோசனை சொல்லவில்லை. ஆனாலும், சரியான ஆலோசனை கிடைத்திருந்தால் நேர்மையாக அந்தக் கோரிக்கையை வைத்திருப்பேன் என்று அவரால் நிரூபிக்க முடியாமல் போனதால் நட்ட ஈடு கிடைக்கவில்லை. எங்களிடம் வாடகைச் சீட்டுகள், வரிக் கணக்கு, "லீஸ் கட்டாயம் வேண்டும்" என்று அக்கா அனுப்பிய மின்னஞ்சல் எல்லாம் இருந்தன. அந்தப் பகுதிக் கடை வாடகை பற்றி ஒரு சர்வேயரின் (கட்டட மதிப்பும் வாடகையும் கணிப்பவர்) அறிக்கை இல்லாமல் நட்ட ஈட்டுத் தொகை எதுவும் எழுத மாட்டேன் என்று பாரிஸ்டர் கண்டிப்பாகச் சொன்னார். அந்தச் செலவு அப்போது கசந்தது. அந்தச் சொலிசிட்டரின் இன்சூரன்ஸ் ஆட்கள் எங்கள் கணக்கை அசைக்க முடியாமல் போனது அந்த அறிக்கையால்தான்.

அப்புறம் பில். இவரின் அருமை எனக்குத் தெரிந்தது இந்த இடத்தில். இங்கே சொலிசிட்டர்கள் நேரத்தை ஆறு நிமிடத் துண்டுகளாகக் கணக்கெழுதுவார்கள், மணிக்குப் பத்துத் துண்டு. நான் "நன்றி, கிடைத்தது" என்று அனுப்பிய ஒற்றை வரி மின்னஞ்சலைப் படித்ததற்கும் ஒரு துண்டு போட்டிருந்தார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாரிஸ்டர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, கடைசிப் பக்கங்களுக்குப் போனார். திகதி தவறிய பிறகு அதைச் சரிக்கட்ட கட்டட உரிமையாளர் தரப்புக்கு எழுதிய கடிதங்கள், உள்ளுக்குள் ஆலோசித்த நேரம் எல்லாம் எங்கள் கணக்கில் ஏறியிருந்தன. அவற்றையெல்லாம் வட்டமிட்டுக் காட்டினார். "நாங்கள் பிளவுஸைப் பிழையாக வெட்டினால் புதுத் துணி எங்கள் காசில்தானே, திரும்பத் தைத்ததற்குக் கூலி கேட்போமா?" என்றாள் அக்கா. பில்லை எதிர்க்கும் தகராறுப் பத்திரத்தில் பாரிஸ்டர் எழுதியதும் சாரத்தில் அதுதான்.

இதில் நாள்கணக்கு முக்கியம். 1974ஆம் ஆண்டு சொலிசிட்டர் சட்டத்தின் 70ஆம் பிரிவுப்படி, பில் கிடைத்து ஒரு மாதத்துக்குள் விண்ணப்பித்தால் அதை நீதிமன்றம் பரிசீலித்தே ஆக வேண்டும். பிந்தினால் நிபந்தனை வரலாம். 12 மாதம் தாண்டினாலோ பணம் கட்டிவிட்டாலோ சிறப்புக் காரணம் காட்ட வேண்டும். கட்டி 12 மாதமும் போய்விட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். இன்னொன்று, பில்லில் ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தால் பரிசீலனைச் செலவு பொதுவாக அவர்கள் தலையில், அதற்குக் குறைவென்றால் நம் தலையில். ஒற்றை வரி மின்னஞ்சலுக்காக ஏன் மல்லுக்கட்டவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. ஐந்தில் ஒன்றைத் தாண்ட வைக்கும் வரிகளை மட்டுமே அவர் பார்த்திருக்கிறார்.

(விபத்து நட்ட ஈட்டிலிருந்து சொலிசிட்டர் தன் பங்கைக் கழித்துக்கொண்டவர்களும் கவனியுங்கள். அப்படிக் கழித்தது மட்டுமே "பணம் கட்டியது" ஆகாது, பில் வந்த பிறகு தொகைக்கு நீங்கள் சம்மதித்திருக்க வேண்டும் என்று 2024 ஒக்டோபரில் ஓக்வுட் எதிர் மென்சிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.)

குறையும் உண்டு. நேரடியாகப் போனால் படிவம் நிரப்புவது, கட்டணம் கட்டுவது, பக்க எண் போட்டு ஆவணக் கட்டுத் தயாரிப்பது எல்லாம் நம் வேலை. கடை பூட்டிய பிறகு வெட்டு மேசையில் கடதாசிகளைப் பரப்பிக்கொண்டு இருப்போம். அவருக்கு வேறு விசாரணை இருக்கும் வாரங்களில் ஆளைப் பிடிக்கவே முடியாது. அவருடைய நேரத்தையும் கட்டணத்தையும் கவனிக்கும் கிளார்க் மரியாதையாகப் பதில் எழுதுவார், ஆனால் சட்டக் கேள்விக்குக் கிளார்க்கால் பதில் சொல்ல முடியாதே. ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தயங்குகிறவர்கள் உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது.

கட்டணம் மலிவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் முன்கூட்டியே ஒரு தொகை, அதற்கு மேல் 20 வீத வாட். ஆனால் என்ன வேலை, எவ்வளவு என்று முதலே எழுத்தில் வந்தது, சொன்னதற்கு மேல் ஒரு பென்ஸ் கேட்கவில்லை. ஆறு நிமிடக் கணக்கில் அடிபட்டு வந்த எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

போகிறவர்கள், அந்த பாரிஸ்டருக்கு நேரடியாக வழக்கு எடுக்க அனுமதி இருக்கிறதா என்று பாரிஸ்டர்களைக் கண்காணிக்கும் பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டின் பதிவேட்டில் பாருங்கள். பில் வந்த உறையைத் திகதியோடு பத்திரமாக வையுங்கள். முதல் சந்திப்புக்கு முன்பே நடந்ததைத் திகதி வாரியாக இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பிவிடுங்கள், அவர் கேட்கிற காசில் பாதி நேரம் கதை கேட்பதிலேயே போகாமல் இருக்கும்.