பள்ளி மாறும் குழந்தைகளுக்கான ஆலோசனைச் சேவை: ஒரு மதிப்பீடு

கல்வியாண்டின் நடுவில் பள்ளி மாற வேண்டியிருந்த எங்கள் மகளுக்காக இச்சேவையை நாடினோம். சேர்வதற்கு 2 வாரங்களுக்கு முன்பே ஆலோசகர் அவளைப் புதிய பள்ளிக்கு அழைத்துச் சென்று, வகுப்பறையையும் கழிப்பறையையும் காட்டி, வகுப்பாசிரியருக்கு அறிமுகப்படுத்தியதுடன், அருகில் அமரப்போகும் மாணவியையும் சந்திக்க வைத்தார். கழிப்பறை எங்கே என்று கேட்கவே கூச்சப்படும் குழந்தைக்கு இது எத்தனை பெரிய நிம்மதி என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பழைய தோழிகளைப் பிரியும் துயரத்தை அவசரமாகத் தேற்ற முயலாமல், அவளைப் பேசவிட்டு அவர் பொறுமையாகக் கேட்டது என்னை நெகிழச் செய்தது. பாடத்திட்ட வேறுபாடு குறித்த வழிகாட்டல் மட்டும் போதவில்லை. கணக்கில் விடுபட்ட பகுதிகளை, இரு பள்ளிகளின் பாடநூல்களையும் ஒப்பிட்டு நாங்களே கண்டறிந்தோம். பள்ளியில் சேர்ந்த பின்னும் 6 வாரங்கள் தவறாமல் விசாரித்தார்கள். மூன்றாவது வாரத்தில்தான் அவள் காலையில் அழாமல் கிளம்பினாள்.