தட்டியில் தொங்கும் வாசிப்புக் கண்ணாடி: பவரும் பழுதும்

கிளிநொச்சிச் சந்தை, புதுக்குடியிருப்புச் சந்தி, வற்றாப்பளைப் பொங்கல் கடைகள் என்று வன்னி எங்கும் தட்டியில் கொளுவி விற்கிற றெடிமேட் வாசிப்புக் கண்ணாடியைத்தான் இங்கே பார்க்கிறோம். விலை சில நூறு ரூபா. சாமான் அவ்வளவு மோசமில்லை. தெரிவு செய்கிற விதம்தான் மோசம். பேப்பர்த் துண்டொன்றைக் கையில் தந்து, "எழுத்து பெரிசாத் தெரியுதோ ஐயா?" என்று கேட்டுக் கேட்டுப் பவரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். எழுத்து பெரிதாகத் தெரியவேண்டிய அவசியமே இல்லை, தெளிந்தால் போதும்.

கண்ணுக்குள் வரும் ஒளியை வளைக்கிற வேலையில் மூன்றில் இரண்டு பங்கைக் கருவிழிக்கு முன்னாலுள்ள கண்ணாடி போன்ற படலம் செய்கிறது. மிச்சம் உள்ளேயிருக்கும் வில்லையின் வேலை. கிட்டப் பார்க்கும்போது வில்லையைச் சுற்றியுள்ள தசை சுருங்க, வில்லை தடித்து உருண்டையாகும். வயது போகப்போக வில்லை இறுகிவிடுவதால் நாற்பதைத் தாண்டியதும் அது போதியளவு தடிக்காது. வெள்ளெழுத்து என்பது இதுதான். இறுகிய வில்லையைக் கண் பயிற்சி இளக்காது. அதற்கென்று விற்கிற சொட்டு மருந்துக்குக் காசைக் கொட்டவும் வேண்டாம்.

பவர்க் கணக்கு இலேசு. 1 மீற்றரைத் தூரத்தால் பிரித்தால் பவர் வரும். 40 சென்ரிமீற்றரில் புத்தகம் பிடித்தால் 2.50 தேவை. ஆனால் ஐம்பது வயதுக் கண்ணிலும் சொந்தச் சக்தி கொஞ்சம் மிச்சமிருக்கும். ஆகவே தூரப்பார்வை நல்லாயிருக்கிறவர்களுக்கு 45 வயதளவில் 1.00 முதல் 1.50, ஐம்பதில் 1.50 முதல் 2.00, அறுபதுக்கு மேல் 2.50 அளவில் போதும். சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்கவும் வலை பொத்தவும் கை 60 சென்ரிமீற்றர் தள்ளி நிற்கும். அந்த வேலைக்கு வாங்குகிற அறுபது வயதுக்காரர் 2.50இலிருந்து 0.75 குறைத்து 1.75 எடுக்கவேண்டும். 3.00 போட்டால் 33 சென்ரிமீற்றருக்கு அப்பால் எல்லாம் மங்கும். பிறகு குனிந்து குனிந்து வேலை செய்து, பிடரி நோவுக்கு எண்ணெய் தேய்க்கவேண்டியதுதான்.

ஒட்டியிருக்கிற இலக்கத்தை அப்படியே நம்பவேண்டாம். உச்சி வெயிலில், சீமெந்துத் தரைக்கு மேலே கண்ணாடியை வெயிலுக்கு நேர் முகமாகப் பிடித்து மெல்ல உயர்த்துங்கள். இரண்டு வெளிச்ச வட்டங்களும் சுருங்கிச் சிறு புள்ளிகளாகும் இடத்தில் தரையிலிருந்து உயரத்தை அளந்தால், 2.50க்கு 40, 2.00க்கு 50 சென்ரிமீற்றர் வரவேண்டும். ஒரு பக்கம் 40இலும் மற்றது 44இலும் புள்ளியானால், மற்றது 2.25க்குக் கிட்ட, அந்தக் கண்ணாடியைத் திரும்பத் தட்டியிலேயே கொளுவிவிடுங்கள். காய்ந்த வைக்கோல், பேப்பர் மீது இதைச் செய்தால் பற்றிக்கொள்ளும். கண்ணாடியால் சூரியனை நிமிர்ந்து பார்க்கவே கூடாது.

அதே இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான தூரத்தையும் அளந்து பாருங்கள். அது வில்லைகளின் நடுமையங்களுக்கு இடைப்பட்ட தூரம். றெடிமேட்டில் இது பெரும்பாலும் 62 முதல் 64 மில்லிமீற்றர். ஒடுங்கிய முகத்தில் கருமணிகளுக்கு இடையே 56தான் இருந்தால், கண்கள் வழமையைவிடக் கூடுதலாக உள்ளே திரும்பவேண்டி வரும். அரை மணித்தியாலம் வாசித்ததும் நெற்றியில் வருகிற இடிக்குப் பல நேரம் காரணம் இதுதான். பவர் கூடக்கூட இந்தத் தொல்லையும் கூடும்.

சட்டம் பிளாஸ்ரிக்கானால் பிணைச்சலின் சின்ன ஆணிதான் முதலில் கழரும். இறுக்கிவிட்டு நகப்பூச்சு ஒரு துளி வைத்தால் நிற்கும். செம்மண் தூசியோடு சாரத் தலைப்பில் துடைத்தால் ஒரு மாதத்தில் வில்லை கீறுண்டு போகும். முதலில் தண்ணீரில் கழுவிவிட்டுத் துடையுங்கள்.

வாங்க முன் ஒரு கண்ணைப் பொத்தி மற்றக் கண்ணால் வாசியுங்கள், பிறகு மாறி. இரண்டும் ஒரேயளவு தெளியாவிட்டால் றெடிமேட் சரிவராது. இரண்டு பக்கமும் ஒரே பவர்தானே. நேர்கோடுகள் ஒரு திசையில் மட்டும் மங்குகிறவர்களுக்கும், கண்ணில் சதை வளர்ந்து கருவிழியைத் தொட்டவர்களுக்கும் இது உதவாது. சீனி வருத்தக்காரருக்குச் சீனி ஏறி இறங்கக் கண் வில்லையின் பவரும் மாறும். அது கட்டுப்பட்டு சில கிழமை போனபின்தான் கண்ணாடி. விழித்திரையை வருடத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் காட்டுவதும் விடக்கூடாது. குளுக்கோமா என்கிற கண் நரம்பு நோய் பெரும்பாலும் நோவில்லாமல் ஓரப்பார்வையைத் தின்னும், நடுப்பார்வை கடைசி வரை நிற்கும். கண்ணாடி போட்டு வாசிக்க முடிகிறதே என்பதை வைத்து அது இல்லையென்று சொல்ல முடியாது.

இன்னொன்று. எழுபது வயது அப்பு திடீரென்று கண்ணாடி இல்லாமலே பேப்பர் வாசிக்கத் தொடங்கினால் வீட்டில் எல்லோரும் புழுகிப்போவார்கள். கண் வில்லையின் நடுப்பகுதி புரை பிடித்து அடர்த்தியாகும்போது கிட்டப்பார்வை கொஞ்சக் காலம் தெளியும். தூரப்பார்வை மங்கிக்கொண்டு வரும், இரவில் எதிரே வரும் வாகன வெளிச்சம் சிதறித் தெரியும். அவருக்குப் புதுக் கண்ணாடி தேடவேண்டாம், கற்றரக்ட் பார்க்கும் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.