வேட்டைக்கு நிலத்தை விடுவது: பூட்டுவதா, சும்மா அனுமதிப்பதா, குத்தகையா?

டெக்சாஸில் எங்களுக்குக் கொஞ்சம் மேய்ச்சல் நிலம் இருக்கிறது. நாங்கள் அங்கே குடியிருக்கவில்லை, மாதத்துக்கு இரண்டு தடவை போனால் அதிகம். மான் வேட்டைப் பருவத்தில் அதை என்ன செய்வது என்று ஒரு வருடம் யோசித்து, கடைசியில் நான்கு பேர் கொண்ட குழுவுக்கு வேட்டைக் குத்தகைக்கு விட்டோம்.

முழுசாகப் பூட்டி வைக்கலாம். இங்கே வேலியோர மரங்களிலும் கம்பங்களிலும் போடும் ஊதா பெயிண்ட் கோடு, 'நுழையாதே' பலகைக்குச் சமம். குறைந்தது 8 அங்குல நீளம், 1 அங்குல அகலம், அடிப்பகுதி தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். பலகையைப் பிடுங்கி எறிகிற மாதிரி பெயிண்ட்டை எறிய முடியாது, அது நல்லது. ஆனால் ஆள் இல்லாத நிலம் என்று தெரிந்தவன் கோட்டைப் பார்த்து நிற்கமாட்டான்.

காசு வாங்காமல் அனுமதிப்பது எளிது. வந்தவர் அடிபட்டுக் கேஸ் போட்டால் நில உரிமையாளருக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பும் தானாகவே வரும். நிலத்திலேயே குடியிருப்பவர்களுக்கு இதுதான் சரி என்பேன். எங்களுக்கு ஒத்துவரவில்லை: ஒருவருக்குச் சரி என்றால் மூன்று பேர் வருகிறார்கள், ஒருவரையொருவர் தெரியாத இரண்டு கூட்டம் ஒரே காலையில் துப்பாக்கியோடு நிற்பதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது.

குத்தகை என்றதும் எல்லாரும் சொன்னது, "காசு வாங்கினால் அடிபட்டவன் கேஸ் போடுவான், பாதுகாப்பு போய்விடும்" என்பதுதான். பல மாநிலங்களில் அது பெரும்பாலும் உண்மை. டெக்சாஸில் அப்படியே உண்மை இல்லை. இங்கே மூன்றில் ஒன்று பொருந்தினால் போதும், வேட்டைக்கு வந்தவருக்கு நீங்கள் படவேண்டிய பொறுப்பு அத்துமீறி நுழைந்தவருக்குப் படும் அளவுதான், அதாவது மிகக் குறைவு: காசே வாங்காமல் இருப்பது, முந்தைய வருடம் வாங்கிய மொத்தத் தொகை அந்த வருடச் சொத்து வரியின் 20 மடங்கைத் தாண்டாமல் இருப்பது, அல்லது குறிப்பிட்ட அளவுக்கு இன்சூரன்ஸ் வைத்திருப்பது.

20 மடங்கு என்றதும் தாராளமாகத் தோன்றும். விவசாய மதிப்பீட்டில் (சந்தை விலைக்குப் பதில் விவசாயப் பயன்பாட்டை வைத்து வரி போடுவது) இருக்கும் நிலத்துக்கு வரியே குறைவு என்பதை மறந்துவிடுகிறோம். எங்கள் வரி 210 டாலர், 20 மடங்கு 4,200. பேசிய குத்தகை அதற்கு மேல். அதனால் இன்சூரன்ஸ் வழிக்குப் போனோம்: ஒருவருக்கு 5 லட்சம் டாலர், ஒரு விபத்துக்கு 10 லட்சம், சொத்துச் சேதத்துக்கு 1 லட்சம். விவசாய நிலமாக இருந்தால் உங்கள் பொறுப்பின் உச்சவரம்பும் இதே தொகைகள்தான், எனக்கு முடிவைத் தீர்த்தது இதுதான். பிரீமியத்தைக் குத்தகைத் தொகையிலேயே சேர்த்துவிட்டோம். நில உரிமையாளர் எடுக்க வேண்டிய குத்தகை லைசென்ஸ் தனி.

அப்புறம், மிக மோசமான அலட்சியத்துக்கு இந்தச் சட்டம் குடை பிடிக்காது. எங்கள் நிலத்தில் இற்றுப்போன பலகை மூடிய பழைய கிணறு ஒன்று உண்டு. குத்தகைக்கு முன்பே சுற்றிக் கம்பி போட்டு, வரைபடத்தில் குறித்து, நால்வரிடமும் கையெழுத்து வாங்கினோம்.

இரண்டு பருவம்தான் ஆகியிருக்கிறது, யாருக்கும் அடிபடவில்லை, அதனால் கிளெய்ம் வந்தால் எப்படிப் போகும் என்பதை நான் அனுபவித்துச் சொல்ல முடியாது. தெரியாத வண்டித் தடம் மட்டும் குறைந்திருக்கிறது, குத்தகைக்காரர்கள் அடிக்கடி வந்துபோவதால். பாலிசி தேதியைப் பாருங்கள்: எங்களுடையது டிசம்பரில், பருவத்தின் நடுவிலேயே முடிவதாக இருந்தது, ஆகஸ்டுக்கு மாற்றிக்கொண்டோம்.