குளம் நிறையத் தண்ணீர், வயலில் வெடிப்பு: குளுசையா, ஊசியா?

கிளிநொச்சியில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஏழெட்டு வருடமாக மூட்டுவாதம். கூடவே இரத்தச்சோகை, ஹீமோகுளோபின் 9ஐத் தாண்டுவதில்லை. மூன்று மாதம் இரும்புக் குளுசை போட்டதில் மலம் கறுத்ததுதான் மிச்சம். உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தால் 340. சரி, இரும்பு உடம்பில் இருக்கிறது, இரத்தத்துக்குத்தான் வரவில்லை.

இரணைமடுக் குளம் நிறைந்து கிடந்தாலும் துருசை (மதகை) திறக்காவிட்டால் வயல் வெடிக்கும். இங்கே துருசைப் பூட்டுவது ஹெப்சிடின். ஈரலில் சுரக்கும், 25 அமினோ அமிலம் கொண்ட ஹார்மோன். மூட்டுவாதம் போல அழற்சி இருந்தால் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் புரதம் ஈரலை உசுப்பிவிடும், ஹெப்சிடின் ஏறும். குடல் செல்களிலும், பழைய சிவப்பணுக்களைச் சிதைக்கும் செல்களிலும் இரும்பு வெளியேறும் வாசல் ஃபெரோபோர்ட்டின். ஹெப்சிடின் அதில் ஒட்டி அழித்துவிடும். கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் ஒளித்துவைக்கும் வேலை இது. வருடக்கணக்கில் நீண்டால் நமக்கே வினை.

குளுசை மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் குடல் வாசலே பூட்டியிருக்கும்போது அது எதற்கு? வெறும் இரும்புக் குறைபாட்டுக்குக்கூட தினமும் போடுவதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் நன்றாக உறிஞ்சப்படுகிறது. ஒரு குளுசையே ஹெப்சிடினை ஒரு நாளுக்கு ஏற்றிவிடும்.

நாளத்தில் ஏற்றும் இரும்பு குடலைத் தாண்டிப் போகும், அதனால் ஒருபடி மேல். அழற்சியோடு உண்மையான குறைபாடும் சேர்ந்திருந்தால், அதாவது ஃபெரிட்டின் 100க்குக் கீழ் என்றால், என் தெரிவு இதுதான். 340 உள்ளவருக்கு ஏற்றினால் பெரும்பகுதி மறுபடி அதே களஞ்சியத்துக்குள் போய் அடையும்.

எரித்ரோபொயிட்டின் ஊசி சிவப்பணு செய்யும்படி எலும்பு மச்சையைத் தூண்டும். வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோயாளர்களுக்கு இது பழகிய பெயர். ஆனால் ஹீமோகுளோபினை 13க்கு மேல் தள்ளப் பார்த்தால் மாரடைப்பும் பக்கவாதமும் கூடும் என்பது 2006இலிருந்து வந்த ஆய்வுகளில் தெரிந்தது. சிறுநீரக நோயின் இரத்தச்சோகைக்கென வந்த டாப்ரோடுஸ்டாட் போன்ற வாய்வழி மருந்துகள் ஹெப்சிடினையும் கொஞ்சம் இறக்குகின்றன. அமெரிக்கா டாப்ரோடுஸ்டாட்டை 2023இல் டயாலிசிஸ் நோயாளருக்கு அனுமதித்தது, இரத்தக்கட்டு எச்சரிக்கையோடு. வாதக்காரருக்கு இப்போதைக்கு இது பேச்சில்லை.

எல்லாவற்றையும்விட அடிப்படை நோயை அடக்குவதுதான் துருசுக்குச் சாவி. இன்டர்லூக்கின்-6ஐத் தடுக்கும் டொசிலிசுமாப் போட்டால் ஹெப்சிடின் இறங்குவது காட்டப்பட்டிருக்கிறது. விலைதான் கண்ணைக் கட்டும். பெரியம்மாவுக்கு வைத்தியர் குளுசையை நிறுத்தி, வாதத்தை அடக்க வாரமொருமுறை போடும் மெதோட்ரெக்சேற்று மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார். அடுத்த இரத்தப் பரிசோதனை பொங்கல் கழித்து.