ஐ5-6400-ஐ பேஸ் கிளாக்கில் ஏற்றுவதா, ஐ5-6600கே வாங்குவதா?

2015-இல் வந்த இன்டெல் ஸ்கைலேக் ப்ராசஸர் வரிசையின் பழைய சிப்பைத் தேடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி இன்றும் வரும். சிப்பின் வேகம் என்பது பேஸ் கிளாக் என்ற அடிப்படைக் கடிகாரத்தை மல்டிப்ளையரால் பெருக்கி வருவது. 6400-இன் மல்டிப்ளையர் 27-இல் பூட்டியிருக்கும், டர்போவில்தான் (தேவைப்படும்போது தானாக வேகம் ஏறும் வசதி) 33 வரை போகும். பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ், ஆக 2.7 கிகாஹெர்ட்ஸ். அந்த 100-ஐ 160 ஆக்கினால் 27 மடங்கில் 4.32 கிகாஹெர்ட்ஸ் வந்துவிடுகிறது, விலை குறைந்த சிப்புக்கு இது அசத்தலான பாய்ச்சல். முந்தைய சாண்டி பிரிட்ஜில் பிசிஐஇ (கிராஃபிக்ஸ் கார்டு போன்றவை இணையும் பாதை) கடிகாரமும் இதோடு கட்டுண்டு கிடந்ததால் சில மெகாஹெர்ட்ஸ் கூட்டினாலே தகராறு. ஸ்கைலேக்கில் அதைப் பிரித்துவிட்டார்கள், அதனால்தான் இது சாத்தியம்.

ஆனால் இதற்கென்றே வந்த பழைய பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) உள்ள இசட்170 மதர்போர்டு வேண்டும், ஏனென்றால் 2016-இல் இன்டெல் மைக்ரோகோட் (சிப்பின் உள் மென்பொருள்) வழியாக இந்த வழியை அடைத்துவிட்டது. அப்புறம் உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் போய்விடும், டர்போ வேலை செய்யாது, மின்சேமிப்பும் கிடையாது, கோர் வெப்பம் தப்பாகக் காட்டும், ஏவிஎக்ஸ் (வீடியோ என்கோடிங் போன்ற வேலைகள் பயன்படுத்தும் கணக்குக் கட்டளைகள்) வேகம் படுத்துவிடும். ரேமும் சேர்ந்து ஏறும் என்பதால் அதன் விகிதத்தை முதலிலேயே குறைத்து வையுங்கள்.

6600கே-யில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, 3.5 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி மல்டிப்ளையரை ஒவ்வொன்றாகக் கூட்டினால் போதும். பெட்டியில் கூலர் வராது, அதைத் தனியாக வாங்க வேண்டும். வீடியோ என்கோடிங் செய்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுக்கலாம். தனி கிராஃபிக்ஸ் கார்டும் சரியான போர்டும் ஏற்கெனவே கையில் இருந்து, கேம் மட்டும் ஆடுகிறவருக்கு என் ஓட்டு 6400-க்குத்தான்.