549 ரூபாய் ஜர்னலும் தோவாளைக் கணக்கு நோட்டும்

மனப்பதற்றத்துக்கு மாத்திரையோடு கொஞ்சம் எழுதியும் பாருங்கள் என்று டாக்டர் சொன்னதால், ஆன்லைனில் 549 ரூபாய்க்கு ஒரு ‘கைடட் ஜர்னல்’ வாங்கினேன், அதாவது கேள்விகளை அச்சடித்து, பதிலை நாம் நிரப்புகிற டைரி. கம்பெனிப் பெயர் வேண்டாம். இதே மாதிரி பல கம்பெனிகள் விற்கின்றன, நான் புரட்டிப் பார்த்தவரை உள்ளே எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

தாளைக் குறை சொல்ல முடியாது. கனம் 100 ஜிஎஸ்எம் என்று போட்டிருக்கிறார்கள், ஜெல் பேனா மை மறுபக்கம் ஊறவில்லை. தைத்த பைண்டிங், விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வீட்டில் தீப்பெட்டியே நமத்துப்போகும். அந்த ஈரத்தில் அட்டை லேசாக வளைந்ததோடு சரி.

அச்சடித்திருக்கும் விஷயங்கள்தான் எனக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ‘காலைப் பக்கம்’, மேலே உதிக்கிற சூரியன் படம். நான் தோவாளைப் பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். சூரியன் வரும்போது எங்களுக்குப் பாதி வியாபாரம் முடிந்து, கேரளாவுக்குப் போகிற பூ வண்டி ஏறியிருக்கும். எழுந்ததும் நன்றி சொல்ல 3 விஷயம் எழுது என்கிறது புத்தகம். இன்றைக்குப் பிச்சி என்ன விலை விழுமோ என்று வயிற்றைப் பிசைகிற நேரம் அது! நன்றியெல்லாம் மத்தியானத்துக்கு மேல்தான் வரும்.

கேள்விகள் எல்லாம் ஆங்கிலம். அதையாவது மகனிடம் கேட்டுக்கொள்ளலாம். பதில் எழுதக் கொடுத்திருக்கும் கட்டம் மூன்றே வரி. தமிழில் எழுதினால் ஒரு வாக்கியம் முடிவதற்குள் கட்டம் முடிந்துவிடுகிறது. அட்டையில் ‘ஆங்சைட்டி ஜர்னல்’ என்று தங்க எழுத்து வேறு. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் முன்னால் இதை எங்கே வைப்பது?

ஆனால் கடைசியில் சில பக்கங்கள் இருக்கின்றன, அவற்றுக்காகவே இதை எழுதுகிறேன். மூன்று பத்தி போட்டிருக்கிறார்கள்: என்ன கவலை, என்னால் செய்ய முடிந்தது என்ன, எப்போது. ‘வெளியூர் வியாபாரி பாக்கி தரவில்லை’ என்று எழுதினால் பக்கத்தில் ‘போன் செய்யணும்’, அதற்குப் பக்கத்தில் ‘செவ்வாய்’. ‘கல்யாண நாளில் மழை பெய்து பூ அழுகிவிட்டால்?’ என்ற கவலைக்கு நடுப் பத்தியில் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் எழுத முடிந்தது. அப்படி எழுதியதும் அந்த வரி தீர்ந்த கணக்கு மாதிரி ஆகிவிட்டது. எல்லா நாளும் இப்படி நடக்காது, சில ராத்திரிகளில் நடந்தது.

தூக்கத்துக்கும் இது உதவும் போலிருக்கிறது. 2018இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், படுக்கும் முன் 5 நிமிடம் இனிமேல் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பரிசோதிக்கப்பட்டவர்கள் 57 பேர்தான், அதனால் ரொம்பவும் கொண்டாட வேண்டாம்.

மனதில் கிடக்கும் பழைய விஷயங்களைக் கொட்டுவது வேறு கதை. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம் தங்கள் வாழ்க்கையின் கசப்புகளை எழுதினார்கள். எழுதிய கையோடு மனம் கனத்தது. பின் வந்த மாதங்களில் ஆஸ்பத்திரிக்குப் போவது குறைந்தது. அந்த முதல் கனம் எனக்கும் வந்தது. இதை ஜர்னலில் எங்கேயாவது ஒரு வரி எச்சரித்திருக்கலாம், இல்லை. பதற்றம் கையை மீறினால் நோட்டை மூடிவிட்டு 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள்.

இப்போது நான் எழுதுவது நாகர்கோவில் வடசேரியில் வாங்கிய நீளக் கணக்கு நோட்டில். ஜர்னல் விலையில் நாலைந்து வாங்கலாம். மூன்று பத்தியை ஸ்கேல் வைத்து நானே கோடு போட்டுக்கொள்கிறேன், இடம் தாராளம். பார்க்கக் கடைக் கணக்கு போலவே இருப்பதால் வீட்டில் யாரும் எடுத்துப் படிப்பதில்லை. அம்மா மட்டும் எட்டிப் பார்த்து, “என்ன மக்கா, கணக்கு ஒத்து வரலியா?” என்று கேட்டுவிட்டுப் போவாள்.

ஜர்னலுக்கு 5க்கு 2 கொடுப்பேன், ஒன்று தாளுக்கு, ஒன்று அந்தக் கடைசிப் பக்கங்களுக்கு. ஆங்கிலத்தில் எழுதிப் பழகி, ஏழு மணிக்கு எழுந்து, தனி அறையும் உள்ளவர்களுக்கு இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்.